உள்ளறைப் பக்கம் மூன்று மில்லிமீட்டர்

பலகையின் மேல் வரியில் ‘கமலம்மா நிலையம்’ சரியாக விழுந்திருந்தது. கீழ் வரியில் கதவு எண் மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

“அட சனியனே!” என்றான் ஹரிபாபு. இன்றைக்கு இது மூன்றாவது பலகை. பெங்களூர் பட்டறையில் வேலை போய், பெண்டாட்டியோடு சொந்த ஊர் குடிபாலாவுக்கே திரும்பி வந்து, பாகம் பாகமாக வரவழைத்துத் தானே பூட்டிய, மரப்பலகையில் எழுத்து வெட்டும் சின்ன சி.என்.சி. மெஷின் அது. ரூபா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நாற்பது நாள் குழந்தை உள்ளறையில் தூங்கியது. “மெஷினே கதின்னு இருந்துடாத மாமா, கொழந்த மேல ஒரு காது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மெஷினை நிறுத்தினான். கருகிய மரத்தூள் வாசனையும் மூன்று மணி வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் படபடப்பும் கூடத்தை அடைத்திருக்க, அவன் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்தான், புல்லி திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான், தண்டவாளக் கம்பிகளைத் துடைத்து எண்ணெய் விட்டான், ரசமட்டம் வைத்து மேசையைப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. திரும்ப ஓட்டினான். வெட்டும் தலை மறுபடியும் கிழக்கே தள்ளிப்போனது. உள்ளறை இருக்கும் பக்கம்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு மெஷினிலா வெளியிலா என்று தெரியவில்லையென்றால் மெஷினையே திருப்பிப் போடு. கோளாறு அதன் வயிற்றில் இருந்தால் அதுவும் கூடவே திரும்பும். ஹரிபாபு மேசையை முழுசாகத் திருப்பினான். இனிமேல் தள்ளினால் தெருப்பக்கம்தான் தள்ள வேண்டும்.

தள்ளியது. உள்ளறைப் பக்கமே தள்ளியது. இந்தத் தடவை ஐந்து மில்லிமீட்டர்.

பிடரியில் வியர்வை குளிர்ந்தது. பிளக்கைப் பிடுங்கினான். பெல்ட்டையும் கழற்றிவிட்டு, தலை நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மின்விசிறியையும் நிறுத்தினான். ஓர் ஈ கூட இல்லை. தலை நகர்ந்தது. யாரும் தொடாமல், சத்தமே போடாமல், கம்பியின் கடைசி வரைக்கும் வழுக்கிப் போய் முட்டி நின்றது.

அவனுக்குப் பயமாக இருந்தது. திருப்பதியில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பா முனியப்பனுக்குப் போன் போட்டான்.

“நைனா, நம்ம வூடு கட்டின எடத்துல முன்னால இன்னா இருந்துச்சி?”

“இன்னாத்துக்குடா இப்ப?”

“சொல்லு நைனா!”

“கெணறு. நெலத்துக்காரரு பிளாட் போடறப்ப நாங்கதான் மூடனோம். கூலிக்கு பதிலா அந்த எடத்த குடுத்தாரு.” முனியப்பன் குரலைத் தாழ்த்தினார். “மூடறதுக்கு முன்ன வாளியும் கயிறும் மேல எடுத்துடணும்டா. அன்னிக்கு வாளி வரல. நாலு பேரு புடிச்சி இழுத்தோம். உள்ளருந்து எவனோ இழுக்கறாப்பல இருந்துச்சி. தண்ணி இல்லாத கெணறுடா அது! டிராக்டருங்க வரிசையா நிக்குது. கயித்த அறுத்து உட்டுட்டு மண்ண கொட்டிட்டோம்.”

“கெணறு எந்தப் பக்கம் நைனா?”

“உள் ரூமு.”

போன் தரையில் விழுந்தது. ஹரிபாபு ஓடினான்.

காலையில் முழங்கால் உயரத்தில் ஆடிய சேலைத் தூளி, நரம்பு மாதிரி முறுக்கேறி, அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆடவில்லை. மேலே கொக்கி முனகியது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாரி எடுத்தான். மார்போடு அணைத்தான். சூடாக இருந்தது, மூச்சு வந்தது.

காலித் தூளி தரையைவிட்டு எழவில்லை.

ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு யாரோ கைவிட்டது போல் துள்ளி மேலே போய், லேசாக ஆடியது. அப்பாடா என்று அவன் வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

கையில் குழந்தை கனத்தது.

முதலில் ஒரு குடம் அளவு. அப்புறம் அரிசி மூட்டை. தோள் இறங்கியது. முழங்கால் தரையில் மோதியது. குழந்தை கண்ணைத் திறந்து அவனையே பார்த்தது. அழவில்லை. அதன் முதுகுக்கும் தரைக்கும் நடுவில் அவன் விரல்கள் நசுங்கின.

“மாமா! கதவத் தெற. இன்னா, மெஷின் சத்தத்தையே காணோம்?” தெருவாசலில் ரூபா.

விரல்களுக்கு அடியில் சிமென்ட் ஈரமானது. களிமண்ணாகக் குழைந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளையை விடாமல் மேலே இழுத்தான்.

கீழேயும் இழுத்தார்கள்.