ஈரச் சுவரில் முளைத்தவை

குளியலறைத் தொட்டிக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் மூலையில், யாருடைய காதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலிருந்தது. நெனி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மெழுகு போன்ற வெளிர்பழுப்பு, மடிந்த ஓரம், உள்ளே ஈரமான குழி.

அந்த இடத்தில்தான் எனோக் அக்காவின் தலை கிடந்தது.

எனோக், நெனியின் கணவன் ஜாஜாங்கின் அக்கா. விதவையாகி, போகோர் நகரில் தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் இங்கே வழுக்கி விழுந்தாள். அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் நெனியை மலடி என்று சொல்லிச் சிரித்திருந்தாள். சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த நெனிக்குக் குளியலறையிலிருந்து தன் பெயர் கேட்டது. கூப்பிடட்டும் என்று அரைத்தாள். குரல் தேய்ந்து வெறும் மூச்சாகி அடங்கும்வரை அரைத்தாள். மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். ஜாஜாங் நம்பினான். அழுதுகொண்டே அவளைத்தான் தேற்றினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூலையில் இருந்த ஒன்று சில நாளில் கொத்தாகியது. ஜாஜாங் தாவரவியல் பூங்காவில் வேலை பார்க்கும் ஹாருனைக் கூட்டிவந்தான். அவர் முழங்காலிட்டு, டார்ச் அடித்து, ஒன்றைக் கிள்ளி விரலில் நசுக்கினார்.

"கிண்ணக் காளான்மா. பயப்பட ஒண்ணுமில்ல, சமைச்சு மட்டும் வெச்சுடாதீங்க" என்றார். "இது ஒரு வேடிக்கை பண்ணும், பாருங்க."

கொத்தின் மேல் மெல்ல ஊதினார். ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு எல்லாக் கிண்ணங்களும் சேர்ந்து புகைபோல வெள்ளைத் தூளைக் கக்கின. கூடவே ஒரு சீறல், மிக மெல்லியதாக.

"விதையைத் துப்புது. மூச்சுப் பட்டாலே போதும்."

"எங்கக்கா மாதிரியே. ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லும்" என்று ஜாஜாங் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

நெனி சிரிக்கவில்லை. அந்தச் சீறலின் முடிவில் அவளுக்குத் தன் பெயர் கேட்டிருந்தது.

"எதைத் தின்னு வளருது?" என்று கேட்டாள்.

"ஈரத்துல மக்கிக் கிடக்கிற எதையாவது. ஒழுக்கை அடைச்சீங்கன்னா தானாப் போயிடும்."

குழாயை மாற்றினார்கள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். குளியலறையைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் குளித்தார்கள். தரை வெளுத்துக் காய்ந்தது. ஆனாலும் மழையில் ஊறிய இலைக்குப்பையின் வாடை வீட்டை விட்டுப் போகவில்லை. சோற்றில் அடித்தது, தலையணையில் அடித்தது, ஜாஜாங் அவள் கன்னத்தைத் தொடும்போது அவன் உள்ளங்கையிலும் அடித்தது. அவனுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. இரண்டு முறை அவனிடம் சொல்லிவிட வாயெடுத்தாள். இரண்டு முறையும் சாப்பாடு போட எழுந்துவிட்டாள்.

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகல். மழை பிடித்துக்கொண்டது. நெனி டெம்பே சோயாத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கியது. மற்றது அடங்கவில்லை.

நீளமான சீறல். ஓய்வு. மறுபடியும் சீறல்.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து.

இந்த முறை போனாள். சாவி பூட்டில் சேர மறுத்தது. "வந்துட்டேன்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரலென்று தெரிந்தது.

கதவு திறந்தது.

சுவர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. மூலை காலி. தரையின் நடுவில் மட்டும் காளான்கள் முளைத்திருந்தன. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒருக்களித்த தோள். மடங்கிய முழங்கால். கதவை நோக்கி நீண்ட ஒரு கை. விரல் விரலாக.

காற்றில்லை. அவளும் மூச்சை அடக்கியிருந்தாள்.

மார்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை மெல்ல எழுந்தது. தணிந்தது. மறுபடியும் எழுந்தது.