கிருபனைக் கொடுப்பதா, வேண்டாமா?

லக்ஷனாவுக்குப் பேஸ்பால் விளையாட வராது. பந்து தன் பக்கம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஆனால் பேஸ்பாலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லச் சொன்னால், இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு குட்டைச் சுவர் உண்டு. கோடை விடுமுறை தொடங்கிய நாள் முதல் அந்தச் சுவர் அவளுடையது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பச்சை அணியில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் பந்தெறிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வேடிக்கை என்னவென்றால், அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எல்லாம் கனடாவில் இருக்கும் றமேஸ் மாமா செய்த வேலை. அவர் ஒரு பேஸ்பால் பைத்தியம். அங்கே பெரிய அணிகள் கோடையில் ஒன்றோடொன்று வீரர்களை மாற்றிக்கொள்ளும். அதற்கு ஒரு கடைசி நேரமும் உண்டு. அந்த நேரம் நெருங்க நெருங்க மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது. பலெர்மோவுக்கு அழைத்து மருமகளிடம் புலம்புவார்.

"பிள்ளை, நல்ல பொடியனைக் குடுத்துப்போட்டு ஒரு நொண்டிக் குதிரையை வாங்கியிருக்கிறாங்கள்! உவங்களுக்கு மூளை இருக்கே?"

"இல்லை மாமா" என்பாள் லக்ஷனா, பெரிய மனுஷி மாதிரி.

இந்தக் கதையை அவள் மைதானத்தில் சொன்னபோது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பயிற்சியாளர் எமிலியானாவுக்கும் பிடித்துவிட்டது. எமிலியானா பகலில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், குரல் பெரியது.

"இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை" என்றார் அவர். "அதற்கு முன் நீங்களும் நீல அணியும் ஆளுக்கு ஒருவரை மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை தேவாலய மணி அடிக்கும் வரைதான். மணி அடித்த பிறகு என்னிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது!"

நீல அணி என்பது ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கத்துப் பிள்ளைகள்.

சனிக்கிழமை மாலை வந்தது. பச்சை அணித் தலைவன் டோட்டோ சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாரைக் கொடுக்கலாம், லக்ஷனா?"

"கிருபனை" என்றாள் அவள், யோசிக்காமலே. "கிருபனைக் கொடுத்துவிட்டு நீனோவை வாங்குங்கள். நீனோ காற்றாய்ப் பறக்கிறான். கிருபன் பந்தை அடித்துவிட்டு மரம் மாதிரி நிற்கிறான்."

அது உண்மைதான். பேஸ்பாலில் பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு முதல் மூலைக்கு ஓட வேண்டும். பிறகு இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. கடைசியில் அடித்த இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். கிருபனோ பந்தை ஓங்கி அடிப்பான். அடித்த பிறகு, அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பந்து முதல் மூலைக்கு வந்துவிடும். அவுட்!

கிருபனுக்கு ஒன்பது வயது. இந்த வசந்தத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு வந்து அப்பாவிடம் சேர்ந்தான். இத்தாலிய மொழியில் அவனுக்கு உருப்படியாகத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: கிராட்சியே. நன்றி. அதை அவன் எல்லாருக்கும் சொன்னான். தண்ணீர் தந்தவருக்குச் சொன்னான். பந்து எறிந்தவனுக்குச் சொன்னான். அவுட் கொடுத்த நடுவருக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

மற்றதையெல்லாம் அவனுக்குத் தமிழில் சொல்வது லக்ஷனாவின் வேலை. அதற்கு நன்றியாகத் தினமும் அம்மா வறுத்த கச்சானை, அதாவது வேர்க்கடலையை, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பான்.

அன்றும் கொண்டுவந்தான். எல்லாரும் தன்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவதைக் கவனித்தான்.

"என்ன கதைக்கினம், அக்கா?"

லக்ஷனா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். இதையும் அவள்தானே சொல்ல வேண்டும்!

"அது... உன்னை நீல அணிக்குக் குடுக்கப் போகினமாம்."

"ஏன்?"

"நீ ஓடுறேல்லை எண்டு."

"ஆர் சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். கிருபனுக்குக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆனால் கச்சான் பொட்டலம் கையில் இளஞ்சூடாக இருந்தது.

"நான்தான்" என்றாள்.

கிருபன் குனிந்து தன் காலணி நாடாவை இறுக்கினான். "அங்கை தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமே?"

"ஒருத்தரும் இல்லை."

"சரி" என்றான் கிருபன் மெதுவாக. "இவ்வளவு நாளும் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தீங்கள். நன்றி அக்கா. கச்சானைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

லக்ஷனாவுக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. அவன் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் சுவரிலிருந்து குதித்தாள்.

"கிருபன், நீ ஏன் அடிச்சிட்டு ஓடுறேல்லை?"

"ஓட வேணுமே?" என்று கேட்டான் கிருபன், கண்ணை அகல விரித்து. "பந்து தூரப் போகாட்டி ஓடக்கூடாது. ஓடினா ரன் அவுட் ஆயிடுவம். நல்ல பந்து வருமட்டும் நிக்க வேணும். எங்கடை பள்ளிக்கூடத்திலை வாத்தியார் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

லக்ஷனா வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கிருபன் இத்தனை நாளும் பேஸ்பால் விளையாடவே இல்லை. கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான்!

எமிலியானா சொன்னதையெல்லாம் அவள் ஒழுங்காகத் தமிழில் சொல்லியிருந்தாள். ஆனால் 'அடித்தால் ஓடு' என்று எமிலியானா சொல்லவே இல்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். லக்ஷனாவும் அப்படித்தான் நினைத்தாள். ஏன் ஓடவில்லை என்று கிருபனை யாருமே கேட்கவில்லை.

"இஞ்சை பார். பந்து பட்டா மட்டையைக் கீழை போடு. போட்டிட்டு அந்த மூலைக்கு ஓடு."

"மட்டையைக் கீழை போடுறதோ?" கிருபன் பதறினான். "அப்பா ஏசுவார்!"

"இஞ்சை ஒருத்தரும் ஏச மாட்டினம்."

மைதானத்து வாசலில் நீல அணித் தலைவன் கயெத்தானோ நீனோவோடு வந்து காத்திருந்தான். லக்ஷனா ஓடிப்போய் டோட்டோவின் கையைப் பிடித்தாள்.

"என் அபிப்பிராயம் மாறிவிட்டது! கிருபனைக் கொடுக்க வேண்டாம்."

"இப்போதுதானே கொடுக்கச் சொன்னாய்?"

"தெரியாமல் சொன்னேன். ஒரே ஒரு பந்து எறிந்து பார். அவன் ஓடாவிட்டால் இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்."

லக்ஷனா வாயைத் திறக்காமல் இருப்பதா? டோட்டோவுக்கு அந்த ஆசை இருந்தது. பந்தை எடுத்தான். எறிந்தான்.

டொக்!

பந்து மைதானத்தின் மறுகோடியிலிருந்த நீலக் கதவு வரை உருண்டது. கிருபன் வழக்கம் போல் அதன் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போட்டிட்டு ஓடு!" என்று கத்தினாள் லக்ஷனா. "ஓடு! ஓடு!"

கிருபன் மட்டையைப் பூப்போலக் கீழே வைத்தான். ஓடினான். முதல் மூலையைத் தொட்டான். தொட்டதும் சட்டென்று திரும்பி, வந்த வழியே அடித்த இடத்துக்கே ஓடி வந்து சேர்ந்தான்!

"ரெண்டு ஓட்டம்!" என்றான் மூச்சிரைக்க.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நீனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டான். லக்ஷனா தலையில் கை வைத்தாள். எல்லாம் போச்சு!

டோட்டோ மட்டும் சிரிக்கவில்லை. கதவருகே நின்ற பையன் பந்தை இப்போதுதான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"போய்த் திரும்பியே வந்துவிட்டான்!" என்றான் டோட்டோ. "திரும்பாமல் நேரே போயிருந்தால் இரண்டாம் மூலையில் அல்லவா நிற்பான்?"

சிரிப்பு அடங்கியது. டோட்டோ வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"மன்னித்துக்கொள், கயெத்தானோ. நாங்கள் யாரையும் மாற்றவில்லை."

அவன் சொல்லி முடிக்கவும் தேவாலய மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கடைசி வரை இழுத்தது. இரண்டு அணிக்கும் சமமான ஓட்டங்கள். மட்டையோடு வந்தவன் கிருபன்.

டொக்! பந்து எல்லாரையும் தாண்டிப் போனது.

"ஓடு!" என்றாள் லக்ஷனா. அடுத்த நொடி டோட்டோவும் "ஓடு!" என்றான். பிறகு பச்சை அணி முழுவதும், எமிலியானாவின் பெரிய குரல் உட்பட, தமிழில் கத்தியது: "ஓது! ஓது! ஓது!" உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படித்தான். கிருபனுக்குப் புரிந்தது. முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை என்று ஓடினான். திரும்பவே இல்லை. பந்து வந்து சேருமுன் அவன் வந்து சேர்ந்துவிட்டான்.

எல்லாரும் அவனைத் தூக்கப் பாய்ந்தார்கள். அவனோ முதலில் மட்டையைத் தேடி எடுத்து, சட்டையால் புழுதியைத் துடைத்தான்.

சற்று நேரத்தில் கயெத்தானோ சுவருக்குப் பக்கத்தில் வந்தான். லக்ஷனாவிடம் ஏதோ கெஞ்சலாகக் கேட்டான். அவள் தலையை ஆட்டி ஏதோ சொன்னாள்.

கிருபன் கச்சான் பொட்டலத்தோடு வந்தான். "என்ன கதைக்கினம், அக்கா?"

"நீனோவையும் ஒரு புதுப் பந்தையும் தருகினமாம். உன்னைக் கேக்கினம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மணி அடிச்சாச்சு எண்டு சொன்னன்."

கிருபனின் முகம் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. பொட்டலத்தை அப்படியே அவள் மடியில் வைத்தான். பிறகு, தன்னைக் கேட்டவனுக்கும் நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? கயெத்தானோவின் பக்கம் திரும்பி அழகாகச் சொன்னான்:

"கிராட்சியே!"