மிச்சம் பிடித்த அரை நொடி

ஓசூரை அடுத்த சோதனைப் பாதையில் அன்று காலை மூன்று தும்பிகள் வரிசையாக நின்றன. ஐந்தாம் பதிப்பு, ஆறாம் பதிப்பு, இன்னும் சந்தைக்கு வராத ஏழாம் பதிப்பு. மூன்றும் ஒரே நிற மின்கார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் செய்த நிறுவனத்துக்கே அடையாளம் தெரியாது. பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒப்பிட வேண்டும். ஓட்டுபவள் மங்கையர்க்கரசி, பதினோரு வருடமாக இதே வேலை. நேரம் குறிப்பவர் இருதயராஜ்.

ஐந்து 4.1 நொடியில் தொட்டது. ஆறுக்கு 3.6. இந்த அரை நொடியை வைத்துத்தான் நிறுவனம் இரண்டு வருடமாகக் கொடிகட்டிப் பறக்கிறது. நாலு லட்சம் ஆறாம் பதிப்பு நாட்டுச் சாலைகளில் ஓடுகிறது. எல்லாம் உளமுடுக்கியின் கைங்கரியம். இருக்கையின் தலைச்சாய்வில் பதித்த அந்தக் கருவி, காலை அழுத்தச் சொல்லும் கட்டளை மூளையில் உருவாகத் தொடங்கும்போதே மோப்பம் பிடித்து மோட்டாரைத் தயார் செய்துவிடும். தயார் செய்வதோடு சரி. மிதியை அழுத்தினால்தான் சக்கரம் உருளும் என்று சான்றிதழ் சொல்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவள் மங்கைதான்.

அந்தக் கையெழுத்து அவள் தம்பியையே உள்ளே தள்ளிவிட்டது. ஆரூரனுக்கும் எதிர்வீட்டு முனியப்பாவுக்கும் ஸ்கூட்டர் நிறுத்துவதில் ஓயாத தகராறு. மூன்று வாரத்துக்கு முன்பு ஆரூரன் தன் தும்பி ஆறில் புறப்பட உட்கார்ந்தபோது, முனியப்பா வேண்டுமென்றே வந்து கேட்டை அடைத்தபடி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, காருக்கும் கேட்டுக்கும் நடுவே நின்று முறைத்தார். கார் ஒரு துள்ளு துள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கி, மனிதர் இன்னும் கண் விழிக்கவில்லை. கொலை முயற்சி வழக்கு. நான் மிதிக்கவே இல்லை என்று ஆரூரன் கதறினான். மிதிக்காமல் நகராது என்று அக்காவின் சான்றிதழையே போலீஸ்காரர்கள் அவன் முன் நீட்டினார்கள். மங்கையும் அவனை நம்பவில்லை. ஒரு தடவைகூடச் சிறைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

ஏழாம் பதிப்புக்கு இதுதான் முதல் ஓட்டம் என்பதால் எலுமிச்சம்பழம் வந்தது. புது வண்டிச் சக்கரத்தில் பழம் நசுங்காமல் அந்தப் பாதையில் எதுவும் ஓடியதில்லை. பழம் வைப்பது இருதயராஜ்தான். ஞாயிறு தவறாமல் கோயிலில் பூசை காணும் கிறிஸ்தவர்; ஆனாலும் அவர் வைத்த வண்டிக்கு இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை என்று ஒரு நம்பிக்கை. அந்த நேரத்தில் மங்கைக்கும் ஒரு வழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையிலேயே சம்மணம் போட்டு, கைகூப்பி உட்கார்ந்துகொள்வாள். கார் உயிரோடு இருக்கும். கால் மட்டும் மிதிப் பக்கமே போகாது.

இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பழத்தைச் சரிசெய்துகொண்டே இருதயராஜ் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார்.

“தப்பா எடுத்துக்காத மங்கை. உன் தம்பி உள்ளயே கெடக்கட்டும். ஒரு தடவ ஆத்திரத்துல வண்டிய ஏத்துனவன், மறுபடியும் ஏத்துவான்.”

மங்கைக்குச் சுருக்கென்றது. தானே நினைத்ததுதான்; அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது பொறுக்கவில்லை. இந்த ஆள் மேலேயே விட்டால் என்ன என்று கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு எண்ணம் ஓடியது. உடனே சீ என்று கூசிப்போனாள். அவள் பிரசவத்தில் ரத்தம் கொடுத்தவர் அவர்.

அவள் கூசுவதற்குள் கார் பாய்ந்துவிட்டது.

ஒரு முழம்தான். பாய்ந்து, தானாக நின்றது. பழம் வெடித்து இருதயராஜின் முகத்தில் சாறு தெறித்தது. அவருடைய குறிப்பேடு சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. கையை எப்போது இழுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மங்கை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் இருக்கையின் மேல் மடித்தபடியே இருந்தன. மிதிக்கவே இல்லை என்று தம்பி கதறியது காதுக்குள் அடித்தது.

சோதனைக் கார்களில் மட்டும் இருக்கும் ஓட்ட நினைவேட்டை இருவரும் திரையில் விரித்தார்கள். கால் கோடு படுத்தே கிடந்தது. சக்கரக் கோடு எழுந்து அடங்கியிருந்தது. பிறகு ஆறாம் பதிப்பின் பழைய ஓட்டங்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் சக்கரம் முந்தியிருந்தது. கால் பின்னால்தான் வந்து சேர்ந்தது. இத்தனை காலமும் விளக்கிலிருந்து நூறுவரை அளந்தார்களே தவிர, நடுவில் இருந்த காலை யாரும் அளக்கவில்லை. சக்கரம் உருண்டதிலிருந்து நூறுவரை பார்த்தால் ஐந்துக்கும் 3.3, ஆறுக்கும் 3.3. ஒரே மோட்டார். இந்தப் பாதையில் ஓட்டியவர்கள் எல்லோருமே கிளம்ப முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள் என்பதால், கால் எப்போதும் பின்தொடர்ந்தது, குட்டு வெளிப்படவில்லை. நினைத்துவிட்டு வேண்டாமென்று விட்ட ஒருவரையும் அவர்கள் சோதித்ததே இல்லை.

தலைமை வடிவமைப்பாளர் பார்கவி ஓடி வந்தாள். படபடப்பாகத்தான் வந்தாள், திரையைப் பார்த்ததும் அமைதியாகிவிட்டாள்.

“வண்டி மேல தப்பு இல்ல மேடம். நீங்க நெனச்சீங்க, அது போச்சு. பின்னாடி கால் வரலன்னதும் நின்னுடுச்சு. இதோ பாருங்க, எண்ணக் கோடு. உங்களோடதுதான்.”

எண்ணக் கோடு செங்குத்தாக நின்றது. இருதயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டே அதை வெகுநேரம் பார்த்தார்.

“என் மேல ஏத்தணும்னு நெனச்சியா மங்கை?”

பொய் சொல்ல வழியில்லாமல் அவள் திரையை வெறித்தாள்.

“நெனச்சேன்ணே. ஒரு நொடி. அப்புறம் இல்ல.”

“அந்த அப்புறத்தத்தான் வெட்டி எடுத்திருக்காங்க. அதுதான் அந்த அரை நொடி.” அவர் பிரிண்டரைக் காட்டினார். “தாள்ல எடு. வக்கீல்கிட்ட குடுப்போம். சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்.”

ஆரூரன் மிதிக்காமலேயே கார் பாய்ந்திருக்க முடியும் என்பதற்கு அந்தத் தாள் ஆதாரம். அவன் அக்கா ஒரு மனிதரைக் கொல்ல நினைத்தாள் என்பதற்கும் அதுவே ஆதாரம். மங்கை அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பார்கவி தடுத்துப் பார்த்தாள், வேலை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தாள். மங்கை காதில் வாங்கவில்லை. கிளம்பும்போது இருதயராஜ் காரின் முன்பக்கம் போகாமல் பின்பக்கமாகச் சுற்றி வந்தார். மங்கை அதைக் கவனித்தாள்.

பேருந்திலிருந்து இறங்கி எதிர்ப்புறம் போனால் நீதிமன்றம். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது. கோட்டுக்குப் பின்னால் ஐந்து கார்கள் நின்றன, ஐந்தும் தும்பி ஆறு. முதல் காரில் இருந்தவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவதில் இருந்த பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மங்கையும் இருதயராஜும் காலை எடுத்து வைக்கவில்லை. விளக்கு மாறி, கார்கள் போய், அடுத்த வரிசை வந்து நின்றது. அதிலும் தும்பிகள்தான். வக்கீல் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி பச்சை எரிந்ததும் மங்கை சாலையில் இறங்கினாள். கைகளைக் கூப்பிக்கொண்டாள். யாருக்கும் கோபம் வந்துவிடக் கூடாதே என்று முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொரு காருக்கும் நின்று ஒரு கும்பிடு போட்டபடி கடந்தாள். அவள் பின்னால் இருதயராஜும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.