பத்து மணி யானை

ஒன்பது மணிக்கு இருவாச்சிப் பறவை, ஒன்பதரைக்குக் கருமந்தி, பத்துக்கு யானை. தேன்பாறைக் காட்டில் மிருகங்கள் பஸ்ஸைவிட ஒழுங்காக வந்தன. 'இலையுதிர்கால நடை' என்று சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம் வேறு. கொட்டும் ஐப்பசி மழையில் அங்கே எந்த மரம் இலை உதிர்த்ததோ, அவர்களுக்கே வெளிச்சம்!

எல்லாம் வருவிப்பான் செய்த வேலை. அருகே வரும் உயிரின் மூளையலையைப் படித்து, அது கேட்க ஏங்கும் குரலை அப்படியே எழுப்பும் கருவி. ஒருமுறை படித்துவிட்டால் மறக்காது.

யானைக்கு அது எழுப்பியது, வெள்ளத்தில் செத்துப்போன குட்டியின் குரல். யானை ஓடிவந்து பெட்டியைத் தும்பிக்கையால் தடவித் தடவி நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் கைதட்டுவார்கள். வழிகாட்டி ஜெயசீலிக்கு வயிறு எரியும்.

"செத்த பிள்ளைய வெச்சு ஒரு தாய ஏமாத்துறீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?" என்று ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். அவளும் மகளைப் பறிகொடுத்தவள்தான். ஏழு வயது ஸ்டெல்லா காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள்.

இன்று தடை உத்தரவு வந்தே விட்டது.

"நீங்களே போய்க் கழட்டிருங்கக்கா. உங்க மனசு ஆறட்டும்" என்றார் மேலாளர் தணிகைவேல்.

இத்தனை நாளும் தொலைவில் பரண் மேலிருந்து பொத்தானை அழுத்தியவள், முதல் முறையாகப் பெட்டியின் அருகே போனாள். மூடியில் திருப்புளியை வைத்தாள்.

"அம்மா, தல பின்னி விடும்மா. பஸ்ஸு வந்துரும்."

திருப்புளி நழுவி விழுந்தது. ஸ்டெல்லாவேதான். அந்த மூக்கடைப்புகூட மாறவில்லை. பொய்யென்று ஜெயசீலிக்குத் தெரியாதா? தன் கையால் மண் போட்டவள். ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை.

"சொல்லுடா தங்கம், இன்னொரு வாட்டி சொல்லு" என்று இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

யாரும் அழைக்காமலே யானை வந்தது. நாலடி தள்ளி நின்று அவளைப் பார்த்தது. ஓட வேண்டுமென்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. குட்டியின் உடலை விட்டு மூன்று நாள் நகராத யானை அது. பொய்யென்று அதற்கு மட்டும் தெரியாதா என்ன? தெரிந்தேதான் தினமும் வந்திருக்கிறது.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, கழட்டியாச்சா?"

ஜெயசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்க்ரூ துருப்பிடிச்சுக் கெடக்கு சார். வர மாட்டேங்குது. நாளைக்குப் பாக்கலாம்."