வேறுபாடு ஏதுமில்லை

தீவனச் சோதனை அறைக்குள் நுழைந்தபோதே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மரத்தூளின் புழுக்க வாடையும் மூத்திரக் காரமும் அரைத்த மக்காச்சோளத்தின் மெல்லிய இனிப்பு மணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்த அந்த நீண்ட அறையில், இரும்புத் தட்டுகளில் வரிசையாக அடுக்கியிருந்த கூண்டுகளுக்குள் வெள்ளெலிகள் இரை தின்றுகொண்டிருந்தன. எலிகள் கொறிக்கும் ஒலி அவளுக்குப் பழக்கமானதுதான். தகரக் கூரையில் விழும் தூறலைப்போல முன்னும் பின்னுமாகத் தாளமின்றிச் சிதறும். இங்கே அது சிதறவில்லை. கருக். சற்றே இடைவெளி. கருக். அத்தனை கூண்டுகளிலும் ஒரே பல் கடிப்பதுபோல் இருந்தது.

மரபணு மாற்றிய மக்காச்சோளம் மனிதருக்கு உணவாகவும் கால்நடைக்குத் தீவனமாகவும் தகுமா என்று ஆராய்ந்து சொல்லும் குழுவில் அவள் ஒரு மதிப்பீட்டாளர். மற்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்டுவிட்டார்கள். அவளும் இட்டுவிட்டால் அடுத்த அறுவடை கடைகளுக்குப் போகும். கடையிலிருந்து அவளுடைய மகளின் தட்டுக்கும் வரும். அந்த எண்ணம்தான், உறுப்பினர் எவரும் எட்டிப் பார்க்காத இந்த அறைக்கு அவளை இழுத்து வந்திருந்தது.

"எப்பவுமே இப்படித்தான் தின்னுதா?"

எலிகளைப் பராமரிப்பவர் காதைக் குடைந்துகொண்டார். ஆய்வகம் முழுவதும் அவருக்கு எலியார் என்றே பெயர். "ஆரம்பத்துல ஆளாளுக்கு ஒரு பக்கம் கொறிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க மேடம். அப்புறம் எப்படியோ சேந்துக்கிச்சு. எங்க வீட்டுல அண்ணன் தம்பிக்குள்ளகூட இவ்வளவு ஒத்துமை கிடையாது."

கதைகளில்தான் எலிகள் கூடி ஆலோசனை செய்யும். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, நடுவே தகரத் தடுப்பு. ஒன்றின் முகத்தை மற்றொன்று பார்த்ததே இல்லை.

குழுத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "எடை சரியா இருக்கு, ரத்தம் சரியா இருக்கு, ஈரல் கண்ணாடி மாதிரி இருக்கு. அதுங்க தாளம் போட்டுத் தின்னா உங்களுக்கு என்னம்மா? சத்தத்தை அளக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"மரபணு மாத்தாத சாதாரணச் சோளம் திங்கிற எலிங்களையும் பாக்கணும் சார். அதுங்க வேற மாதிரி தின்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஒரே மாதிரி தின்னா?"

"போடறேன்."

"சாட்சிக்கு எலியார் இருக்கார். வாங்க."

நடைகூடத்தின் மறுகோடியில் இருந்தது அந்த அறை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தூறலைப்போன்ற அந்தப் பழைய, ஒழுங்கற்ற, உயிருள்ள இரைச்சலைக் கேட்டுவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டே கதவில் காதை வைத்தாள்.

கருக்.

கருக்.

முதல் அறையின் ஒலியும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இரண்டுக்கும் இடையே மயிரிழை விலகலும் இல்லை.

"இந்தச் சோளம் எங்கேருந்து வந்துச்சு?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு தனியா வளத்த கதிரெல்லாம் மழையில பூஞ்சை புடிச்சுப் போச்சுங்க. சோளம் சோளம்தானேன்னு சந்தையில வாங்கிப் போட்டேன். எல்லாரும் வாங்குற இடம்தான் மேடம்."

அவள் வீட்டுக்கும் அதே சந்தைதான்.

"சோதனை வயல் மகரந்தம் காத்துல போயிருந்தா?" என்றாள்.

தலைவர் சிரித்தார். "வேலியைத் தாண்டாதுன்னு நாமதானேம்மா எழுதிக் கொடுத்தோம்? காத்து அதைப் படிக்கலேன்னா நான் என்ன செய்யட்டும்? சொன்ன சொல் சொன்னதுதானே? போடுங்க."

சந்தையில் கிடைக்கும் சோளத்தோடு ஒப்பிடுகையில் வேறுபாடு ஏதுமில்லை. அறிக்கையின் அந்த வாக்கியத்தில் பொய்யென்று அடிப்பதற்கு ஒரு சொல்கூட அவளுக்கு அகப்படவில்லை. தடுத்து நிறுத்தவும் இனி ஒன்றும் மிச்சமில்லை. கையெழுத்திட்டாள்.

மழையில் நனைந்து அவள் வீடு சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். வேகவைத்த கதிரின் ஆவி கூடமெங்கும் இனித்துக் கிடந்தது. கணவனும் மகளும் மேசையில் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள்.

"அம்மா, அப்பா எனக்கு ரெண்டு கதிர் தந்தாரு!"

"என்ன, முகம் எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்றான் கணவன். "உக்காரு. நீயும் ஒண்ணு எடு."

இருவரும் கதிரை வாயருகே கொண்டுபோனார்கள். ஒரே கணத்தில்.

கருக்.

"துப்பு! கண்ணு, துப்பிடு!"

மகள் துப்பவில்லை. அவள் கண்கள் தாயைப் பார்க்கவும் இல்லை.

கருக்.

பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால். கருக். மாடியில். கருக். மழைக்கு அப்பால், எதிர்வீட்டில். கருக்.

இன்னொன்று. மிக அருகில். காதுக்குள்ளேயே.

அவள் வாயில் எதுவும் இல்லை. பற்கள் மட்டும் கடித்துக்கொண்டிருந்தன.

இரு கைகளாலும் தாடையை இறுகப் பற்றினாள்.

நின்றது.

கணவன் அசையவில்லை. மகளின் பற்கள் கதிரில் பதிந்தபடி நின்றன. சுவருக்குப் பின்னாலும் மாடியிலும் அமைதி. அவள் பிடித்தால் நிற்கிறது. அப்படியானால், இத்தனை நாளும் தின்றது யார்?

மகளின் மார்பு எழவில்லை. தாழவில்லை. சின்ன உதடுகளில் நீலம் படர்ந்தது.

பிடியை விட்டாக வேண்டும்.

விட்டாள்.

தெரு முழுவதும் கடித்தது.