ராட்சசியின் மூச்சை நிறுத்தியது யார்?

டிர்ர்ர்ரிங்...!

முதலாளியம்மா போனை எடுத்தாள்.

"அம்மா... நம்ம ராட்சசி போய்ட்டாம்மா!" டிரைவர் மீசையின் குரல் உடைந்தது. "ஏத்தத்துல மூச்சு முட்டி... கறுப்புப் புகையா கக்கி... அவ்வளவுதான்!"



ராட்சசி அவளுடைய ஒரே டிப்பர் லாரி. இன்று சாயங்காலத்துக்குள் ஜல்லி இறங்காவிட்டால் அணைக்கட்டு ஒப்பந்தம் கொழுந்தன் மடியில் போய் விழும். ஆசாமி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான்!

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கல் குவாரிக்குப் பறந்தாள்.

எங்கும் மாவு சலித்தது போலத் தூசி. நடுவில் ராட்சசி, அசைவற்று!

மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். அலறினான்.

"அக்கா... கொலை!"

பெட்டி காலி!

"ஃபில்டரை யாரோ உருவிட்டான்க்கா! ஃபில்டர்னா தரகர் மாதிரி. அதுல ஓட்டை பெரிசானா மண்ணு உள்ளே போயிடும். சின்னதானா காத்து போகாது. ரெண்டு பக்கமும் பேரம் பேசி, காத்தை விட்டு மண்ணைப் பிடிச்சு வைக்கும். தரகரே இல்லேன்னா? காலையிலேருந்து இஞ்சின் மண்ணா தின்னிருக்கு. உப்புத்தாள் போட்ட மாதிரி உள்ளே எல்லாம் தேஞ்சிருக்கும். கதை முடிஞ்சது!"

முதலாளியம்மா திரும்பினாள்.

மீசை வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கொளுத்தும் வெயிலில் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான்!

"என்னடா மறைக்கிறே?"

"ஒ... ஒண்ணுமில்லம்மா!"

'பாம்' என்றது ஹாரன்.

கொழுந்தனின் டிப்பர். அதே மாடல். ஸ்டியரிங்கில் அவனேதான்.

"அடடா... அண்ணி! கேள்விப்பட்டதும் சோறு இறங்கல. கவலைப்படாதீங்க, ஒப்பந்தத்தை நான் பார்த்துக்கறேன்!"

முதலாளியம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சைலன்சரைப் பார்த்தாள்.

"தம்பி... உங்க வண்டி வந்தா ஊரே இருட்டுமே? இன்னிக்குப் புகையே காணோம்?"

"அது... சர்வீஸ்..."

"நீங்களா? சட்டைப் பொத்தான் அறுந்தாலே ஊக்கு குத்துற ஆளாச்சே! மெக்கானிக்கு... அவர் பெட்டியைத் திற!"

"அண்ணி! குடும்பத்துக்குள்ள இதெல்லாம்..."

திறந்தாகிவிட்டது.

உள்ளே புத்தம்புதிய ஃபில்டர். விளிம்பில் சிவப்பு நகச்சாயப் பொட்டு!

"என் சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பேன் தம்பி. கரண்டிக்குக்கூட!"

கொழுந்தன் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

"திருடினதைக் குட்டையில வீசியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே?"

"புதுசு அண்ணி..." என்றான் பரிதாபமாய். "வீச மனசு வரல!"

திருடன் சிக்கிவிட்டான். ஆனால் ராட்சசி...?

செத்தவளின் காற்றுக்குழாய்க்குள் மெக்கானிக் விரலை விட்டுத் துழாவினான்.

வெளியே எடுத்தான். விழித்தான்.

விரல் பளிச்!

"அக்கா... ஒரு பொட்டு மண்ணு இல்ல! எப்படி?!"

பொத்தென்று ஒரு சத்தம். மீசை முதலாளியம்மாவின் காலில்!

"மன்னிச்சிடுங்கம்மா! 'இனிமே செஞ்சா வேலை போயிடும்'னு சொன்னீங்களே... மறுபடி செஞ்சிட்டேன்!"

"எதைடா?"

மீசை மேலே காட்டினான்.

கேபினுக்குப் பின்னால், உயரத்தில், ராட்சசி காற்றிழுக்கும் வாய். அதில் கச்சிதமாய் ஒட்டிக்கொண்டு, சேறாய்க் கனத்து...

ஒரு பனியன்!

"காலையில துவைச்சு அங்கே போட்டேம்மா. வண்டியே இழுத்து இழுத்துச் சீக்கிரம் காய வெச்சிடும்!"

மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஈரத் துணி அத்தனை மண்ணையும் பிடிச்சிருக்கு! பிடிச்சுப் பிடிச்சுக் கடைசியில காத்தையும் அடைச்சிடுச்சு. ராட்சசி சாகலக்கா... மயக்கம்தான்!"

பனியனை உருவினார்கள். பொட்டு வைத்த ஃபில்டர் சொந்த வீடு திரும்பியது. சாவி திரும்பியது.

உர்ர்ர்ரூம்ம்ம்!

"ஏறுடா மீசை! வேலை போகல. ஜல்லிதான் போகணும்!"

மீசை ஒரே தாவில் உள்ளே!

"அண்ணி..." கொழுந்தன் தன் காலிப் பெட்டியைப் பார்த்துக் குழைந்தான். "என் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுட்டேன். இந்தத் தூசியில நான் எப்படி வீடு போய்ச் சேர்றது?"

முதலாளியம்மா, சேறு அப்பிய பனியனை அவன் கையில் வைத்தாள்.

"இதைப் போட்டு ஓட்டுங்க தம்பி... துவைச்சுத் திருப்பிக் கொடுத்துடணும்!"