பன்னிரண்டு சதவீதக் காற்று

2091 மார்ச் 3, எண்ணூர். ஏழாம் சேமிப்புக் கூடத்திலும் அதை ஒட்டிய ஊழியர் குடியிருப்பிலும் காற்றின் ஆக்சிஜன் பன்னிரண்டு சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அந்தக் காற்றில் தீப்பிடிக்காது, சரக்கு சீக்கிரம் கெடாது. மனிதருக்குத்தான் மூச்சு வாங்கும். அதற்காக ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தாங்கிப்பட்டை, அந்தக் காற்றைத் தாங்க உடலுக்கு மருந்து செலுத்தும் ஒட்டு. கூடத்தில் வேலை செய்த ரெஜினா காலையில் அதை மாற்றி ஒட்டிக்கொண்டுதான் பல் தேய்ப்பாள். பக்கத்தில் வேலை செய்பவர் திணறினால் தன் பட்டையைப் பிய்த்து அவருக்கு ஒட்டிவிடுவது அங்கே வழக்கம். மறு வருடம் அவள் கணவன் தாசன் அடிக்கடி திணறினான். அவளும் அதைத்தான் செய்தாள்.

"கிட்னியில கட்டி," என்றார் நிறுவன மருத்துவர் பார்கவி. "செல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தா அது உடனே அழிஞ்சிடும். குறைஞ்சா அழியாது, புது ரத்தக்குழாய் போடச் சொல்லும். பட்டை அதை அழியவிடாம வெச்சிருக்கு. அதனாலதான் உங்களால இந்தக் காத்துல வேலை செய்ய முடியுது. உடம்புல கட்டி இருந்தா, அதுவும் அதை வெச்சே வளரும்."

"நான் இவருக்கு ரெண்டு பட்டை ஒட்னேனே டாக்டர்."

தாசன் சிரித்தான். "பாசம் ஓவராப் போச்சு, இன்னா?"

ரெஜினா சிரிக்கவில்லை. "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பட்டையைச் சோதிச்ச ஆய்வுலயே வந்திருந்தது. நிர்வாகத்துக்கு எழுதினேன்."

"எங்களாண்ட சொன்னீங்களா? குடிச்சிருக்கோமான்னு கேட்ல தெனம் ஊதச் சொல்றீங்களே, ஒரு தபா வயித்த ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?"

மருத்துவர் திரையில் சிகிச்சை விதிகளைக் காட்டினார். அந்தப் புரதத்தை முடக்கும் மருந்து இருந்தது. ஆனால் அதைச் சாப்பிடுபவர் இந்தக் காற்றில் பிழைக்க முடியாது. குடியிருப்பை விட்டு வெளியேறினாலோ மருந்தே கிடையாது. நிறுவனம் அதை அங்கு வசிப்பவர்களுக்கு மட்டும்தான் தரும்.

"அப்போ எங்க ரூம்ல மட்டும் நல்ல காத்து வுடுங்க."

"கேட்டேன்மா. கூடத்துக்கும் வீடுகளுக்கும் ஒரே குழாய்தான். சரக்கு கெட்டுடும்னு சொல்லிட்டாங்க."

"சரக்கு கெட்டுடும். எம் புருஷன் கெட்டா பரவால்ல."

வீட்டுக்கு வந்ததும் அவள் சுத்தியலை எடுத்து, மூடி அடைத்திருந்த சன்னல் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"வேணாம் ரெஜி, வேலை பூடும்!"

"போவட்டும். நீ நல்லா இழுத்து மூச்சு வுடுய்யா."

கண்ணாடி உடைந்து கடல்காற்று உள்ளே அடித்தது. எச்சரிக்கை மணி அலறியது.

அன்று மாலையே இருவரும் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மருந்து தொடங்கப்படவில்லை. தாசன் ஆகஸ்டில் இறந்தான்.